அனுமதி எண் இல்லாத விற்பனை: கார்டு சார்ஜ்பேக்கைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும்

ஸ்வைப் மெஷினில் இருந்து வரும் சீட்டில், தொகைக்கு மேலேயோ கீழேயோ ஆறு இடம் கொண்ட ஓர் எண் இருக்கும். ‘அப்ரூவல் கோடு’ என்றோ ‘ஆத் கோடு’ என்றோ அதற்கு முன்னால் சுருக்கி அச்சாகியிருக்கும். கல்லாவில் இருப்பவர் தொகையைப் பார்ப்பார், கையெழுத்தைப் பார்ப்பார், இந்த எண்ணை மட்டும் பார்க்க மாட்டார். கார்டு கொடுத்த வங்கி ‘இந்தக் கார்டில், இந்தத் தொகைக்கு, இப்போது சம்மதம்’ என்று சொன்னதற்கு அத்தாட்சி அது ஒன்றுதான். சம்மதம் வாங்காமலோ, சம்மதித்த தொகைக்கு மேலேயோ, சம்மதம் காலாவதியான பிறகோ பணம் கேட்டால், வங்கி கொடுத்த பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதுதான் அனுமதி சார்ஜ்பேக்.

மற்ற சார்ஜ்பேக்குகளில் வாடிக்கையாளர் வாய் திறந்திருப்பார்: பொருள் வந்து சேரவில்லை, சேலை சாயம் போய்விட்டது, இந்தச் செலவு நான் செய்ததே இல்லை. அனுமதி சார்ஜ்பேக்கில் பல நேரம் வாடிக்கையாளருக்கு விஷயமே தெரியாது. அவருடைய வங்கியின் கணினி, வந்த தொகையையும் தான் கொடுத்த அனுமதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் பில் காட்டுவதோ, கேமரா பதிவு காட்டுவதோ, ‘அவர் பத்து வருஷமா நம்ம கடைக்கு வர்றவர்’ என்பதோ இங்கே எடுபடாது. மெஷின் என்ன பதிந்தது என்பது மட்டுமே பேசும். இதில் ஒரு நல்லதும் உண்டு. சார்ஜ்பேக் வகைகளிலேயே கல்லாவில் வைத்தே முழுசாக அடைக்கக்கூடிய ஓட்டை இதுதான்.

நோட்டீஸில் இதை எப்படி அடையாளம் காண்பது? விசா கார்டு என்றால் காரண எண் 11-இல் தொடங்கும். 11.2 என்றால் வங்கி மறுத்த பிறகும் விற்பனை போடப்பட்டிருக்கிறது. 11.3 என்றால் அனுமதியே இல்லை, அல்லது தாமதமாக அனுப்பப்பட்டது. 11.1 என்று ஒன்று உண்டு, முடக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் சம்பந்தப்பட்டது. எல்லாம் ஆன்லைனில் நடக்கும் நம் ஊர்க் கல்லாவில் அது தலைகாட்டுவது அபூர்வம். மாஸ்டர்கார்டில் அனுமதி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் 4808 என்ற ஒரே எண். ரூபேயில் எண்கள் வேறு, ஆனால் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். விசாவில் 10-இல் தொடங்கினால் மோசடிப் புகார், 13-இல் தொடங்கினால் வாடிக்கையாளரின் மனக்குறை. அவற்றுக்குத் தயார் செய்யும் காகிதம் வேறு, இதற்கானது வேறு.

பணம் வரும் வழி

கார்டைச் செருகியதும் செய்தி முதலில் மெஷின் கொடுத்த வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே இவற்றில் ஒன்றின் வழியாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, பதில் எண்ணையும் அனுமதி எண்ணையும் அதே வழியில் அனுப்புகிறது. பதில் எண் 00 என்றால் சம்மதம். டெபிட் கார்டில் வாடிக்கையாளர் கணக்கில் அப்போதே கழிந்து அவருக்கு எஸ்.எம்.எஸ்ஸும் போய்விடும். நம் கணக்குக்கு வருவது ‘பேட்ச்’, அதாவது மெஷினில் சேர்ந்திருக்கும் விற்பனைகளின் தொகுப்பு, மூடி வங்கிக்குப் போய் ‘செட்டில்மென்ட்’ ஆன பிறகுதான். சம்மதம் ஒரு படி, வரவு இன்னொரு படி. இந்த இரண்டுக்கும் இடையில்தான் எல்லாக் கோளாறும் நடக்கிறது.

நம்பரைக் கையால் போடச் சொன்னால்

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 23,650 ரூபாய். மெஷின் மறுத்துவிட்டது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பேங்க்ல பேசிட்டேன் தம்பி, அவங்களே ஒரு அப்ரூவல் நம்பர் குடுத்திருக்காங்க. ஆஃப்லைன்ல போட்டா போயிரும், போடுங்க" என்கிறார்.

சில மெஷின்களில் ‘ஆஃப்லைன் சேல்’ அல்லது ‘ஃபோர்ஸ் சேல்’ என்று ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது. அதில் எந்த ஆறு எண்ணைப் போட்டாலும் மெஷின் வாங்கிக்கொள்ளும், சீட்டும் அழகாக வரும். வங்கியைக் கேட்காமலேயே வரும் சீட்டு அது. கார்டு கொடுத்த வங்கியின் ஏட்டில் அப்படி ஓர் எண்ணே இருக்காது. சில வாரம் கழித்து 11.2-ஓ 11.3-ஓ வந்து நிற்கும். சேலை போயிருக்கும், பணமும் போயிருக்கும், பதில் சொல்ல ஒரு வார்த்தையும் இருக்காது.

கல்லாவில் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "சார், நம்பர் மெஷின்ல தானா வரணும். நாங்க கையால போடக்கூடாது. வேற கார்டு இருந்தா குடுங்க, இல்லைன்னா யூ.பி.ஐ. பண்ணுங்க." இதைப் பையன் வாயால் சொல்ல வைப்பதை விட, மெஷினிலேயே வழியை அடைத்துவிடுவது நல்லது. மெஷின் கொடுத்த வங்கிக்கு உங்கள் டி.ஐ.டி. (மெஷினின் அடையாள) எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ஆஃப்லைன் சேல், கார்டு எண்ணைக் கையால் அடிக்கும் ‘மேனுவல் என்ட்ரி’, தொகையைப் பின்னால் திருத்தும் ‘டிப் அட்ஜஸ்ட்’ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஜவுளிக்கடைக்கோ மளிகைக்கடைக்கோ இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மெஷின் வந்த நாளில் இருந்த மேலாளர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்; பல கடைகளில் அது இன்னும் நான்கு பூஜ்யமாகவோ 1234 ஆகவோ இருக்கும், கடையில் வேலை பார்த்துப் போன எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் படியுங்கள்

‘டிக்ளைன்ட்’ என்று பார்த்ததும் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். மெஷின் கூடவே காட்டும் இரண்டு இலக்கத்தைப் படித்தால் பாதி வேலை மிச்சம். 51 என்றால் கணக்கில் பணம் போதாது. 55 தப்பான பின். 75 பின்னைப் பலமுறை தப்பாகப் போட்டுக் கார்டு பூட்டிக்கொண்டது, இதற்கு மேல் அழுத்திப் பயனில்லை. 54 கார்டு காலாவதி. 61 அன்றைய வரம்பைத் தாண்டியது. 57 என்றால் இந்த வகைச் செலவு அந்தக் கார்டில் திறக்கப்படவில்லை. 2020 மார்ச்சுக்குப் பிறகு வரம்பையும் அனுமதிகளையும் வாடிக்கையாளரே தன் வங்கி ஆப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டதால், 57-ம் 61-ம் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் தீரும் சங்கதி. ஆப்பைத் திறந்து வரம்பை ஏற்றச் சொல்லுங்கள், பிறகு முழுத் தொகைக்கும் ஒரே முறை போடுங்கள். 91 என்றால் அந்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை, பொறுத்துப் பார்க்கலாம். 05 என்பது காரணம் சொல்லாத மறுப்பு. வேறு கார்டு கேட்பதே சரி. 41, 43 என்றால் தொலைந்த அல்லது திருடுபோன கார்டு என்று வங்கிக்குப் புகார் போயிருக்கிறது. மறுபடி முயற்சி வேண்டாம், சண்டையும் வேண்டாம், கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொருளை உள்ளே வையுங்கள்.

இங்கே ஒரு தப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்காவணி மூல வீதியில் 1,80,000 ரூபாய்க்கு நகை பில். மெஷின் மறுக்கிறது. "அம்பதாயிரமாப் பிரிச்சுப் போட்டுப் பாருங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரே விற்பனையை, ஒரே கார்டில், மறுப்பைத் தாண்டுவதற்காகத் துண்டு துண்டாகப் போடுவது கார்டு விதிகளுக்கு எதிரானது. முதல் மூன்று துண்டு போய், நாலாவது நின்றுவிட்டால் நகையைக் கொடுப்பதா வேண்டாமா என்ற குழப்பம் வேறு. போனதும் திரும்பி வரலாம், ஏனென்றால் வங்கி மறுத்த விற்பனை அது என்பதற்கு வங்கியிடமே பதிவு இருக்கிறது. இரண்டு வேறு கார்டில் பாதிப் பாதி கட்டுவதில் பிரச்சினை இல்லை. வேறு நாளில் அட்வான்ஸ், வேறு நாளில் பாக்கி என்பதிலும் இல்லை. பில்லிலும் அப்படியே எழுதியிருக்க வேண்டும். பான் எண் கேட்கும் 2 லட்ச ரூபாய் வரம்பில் சிக்காமல் இருக்கத் துண்டு போடும் ஆட்களும் உண்டு. அது வருமான வரிச் சிக்கல், சார்ஜ்பேக்கை விடப் பெரிய தலைவலி.

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தால்

சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் அங்கே நின்று போன் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிக்னல் இருக்கும், பேச்சு போகாது. சிம் கார்டில் ஓடும் ஸ்வைப் மெஷினுக்கும் அதே கதிதான். வங்கி சம்மதித்துப் பணத்தைக் கழித்துவிடும். பதில் மெஷினுக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். வாடிக்கையாளர் போனில் எஸ்.எம்.எஸ்., நம் கையில் சீட்டு இல்லை.

"அண்ணே, பணம் போயிருச்சுண்ணே, மெசேஜ் பாருங்க" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பணம் உங்களுக்கு வராது. சீட்டு வராத விற்பனையில் கழிந்த தொகையை 5 நாளுக்குள் தானாக வாடிக்கையாளர் கணக்கில் திருப்பிப் போட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. எஸ்.எம்.எஸ்ஸை நம்பிப் பொருளைக் கொடுத்தவர் கடைக்காரர். பணம் திரும்பிப் போவது வாடிக்கையாளருக்கு. இதைச் சார்ஜ்பேக் என்று சொல்ல மாட்டார்கள், நஷ்டம் மட்டும் அதே நஷ்டம்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது, வரிசையாக:

மெஷினை அணைக்காதீர்கள். மெனுவில் கடைசிச் சீட்டை மறுபடி அச்சிடும் வழியோ, விற்பனையின் நிலை பார்க்கும் வழியோ இருக்கும். அதை முதலில் பாருங்கள். பேட்ச் அறிக்கையிலும் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் சீட்டை மறுபடி எடுத்துப் பொருளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் விற்பனை நடக்கவில்லை என்றே பொருள், ரொக்கமோ யூ.பி.ஐ.யோ வாங்குங்கள். கழிந்த பணம் 5 நாளில் திரும்பிவிடும், வராவிட்டால் தன் வங்கியிடம் நாள் கணக்கில் இழப்பீடு கேட்கலாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, தேதி, நேரம், தொகை, கார்டின் கடைசி நான்கு எண் இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடை முத்திரையோடு கொடுத்துவிடுங்கள். அந்தத் துண்டுக் காகிதம் கோபத்தைப் பாதியாகக் குறைக்கும்.

நிலை பார்க்காமல் மறுபடி தேய்த்தால் இரண்டு முறையும் போய்விடக்கூடும். அப்போது ‘இரட்டை வசூல்’ என்ற வேறு காரணத்தில் சார்ஜ்பேக் வரும். அதில் தப்பு நம் பக்கம்தான்.

திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னால் மெஷினைக் கடையின் பிராட்பேண்ட் வைஃபையில் இணைத்து வையுங்கள். வைஃபை எடுக்காத பழைய மெஷின் என்றால், சிம்மை அந்தத் தெருவில் நன்றாக எடுக்கும் நிறுவனத்துக்கு மாற்றித்தரச் சொல்லி வங்கியைக் கேளுங்கள். உங்கள் போனில் எது எடுக்கிறது என்பதே போதுமான சோதனை.

ராத்திரி பேட்ச்

அனுமதிக்கு ஆயுள் உண்டு. கடை விற்பனைக்குச் சில நாள்தான். அதற்குள் பேட்ச் மூடி அனுப்பாவிட்டால் வங்கி ஒதுக்கி வைத்த பணத்தை விடுவித்துவிடும். வாடிக்கையாளர் அதைச் செலவழித்திருப்பார், அல்லது கணக்கையே மூடியிருப்பார். பல மெஷின்கள் இப்போது நள்ளிரவில் தானாக செட்டில் செய்துகொள்கின்றன. அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தாலோ, சிக்னல் இல்லாத இரும்புக் கல்லாவுக்குள் பூட்டிக் கிடந்தாலோ ‘தானாக’ என்பது நடக்காது. கடை சாத்தும் முன் கையாலேயே செட்டில்மென்ட் கொடுங்கள். வெற்றி என்று அச்சான சீட்டு வரும் வரை நில்லுங்கள். அதில் இருக்கும் எண்ணிக்கையும் மொத்தமும் அன்றைய கார்டு பில்களோடு பொருந்த வேண்டும். மறுநாள் வங்கிக் கணக்கில் வந்த தொகையோடு, கமிஷன் கழித்து, இன்னொரு முறை பொருத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதை மாசக் கடைசியில் ஆடிட்டர் வந்து பார்ப்பார் என்று விட்டால், பார்க்கும்போது அனுமதியின் ஆயுள் முடிந்திருக்கும்.

மெஷின் பழுதாகி மாற்ற ஆள் வந்தால், பேட்ச் மூடாமல் பழைய மெஷினைக் கையில் கொடுக்காதீர்கள். மூட முடியாத அளவுக்குப் பழுது என்றால், சீட்டுகளை வைத்து அனுமதி எண், தேதி, தொகைப் பட்டியல் எழுதி அன்றைக்கே வங்கிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்குங்கள். ஊரே விடுமுறைக்குப் போகும் பொங்கல் நாட்களில் கடையை நாலு நாள் பூட்டும்போதும் இதே எச்சரிக்கை.

லாட்ஜும் மண்டபமும்

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு ‘ப்ரீ-ஆத்’ என்ற முன் அனுமதி பழக்கமான விஷயம். மூன்று நாள் தங்க வருகிறார், 12,000 ரூபாய்க்கு முன் அனுமதி எடுக்கிறீர்கள். அவர் ஐந்து நாள் தங்கிச் சாப்பாடு, கார் எல்லாம் சேர்த்து பில் 17,500 ஆகிறது. முன் அனுமதியை முடிக்கும்போது 17,500 என்று அடித்தால் சில மெஷின்கள் வாங்கிக்கொள்ளும். மெஷின் வாங்கிக்கொண்டது என்பதால் வங்கி சம்மதித்தது என்று ஆகிவிடாது. மேலே இருக்கும் 5,500-க்கு அனுமதியே கிடையாது. 12,000-த்தோடு முன் அனுமதியை முடியுங்கள், 5,500-க்குக் கார்டையும் பின்னையும் அவர் கையாலேயே போட வைத்து ஒரு புது விற்பனை போடுங்கள். அவர் ஆட்டோ ஏறிய பிறகு இது முடியாது. அதனால் மூன்றாம் நாள் காலையிலேயே, ‘இன்னும் ரெண்டு நாள்’ என்று அவர் சொன்ன உடனேயே, கூடுதல் அனுமதியோ கூடுதல் முன்பணமோ வாங்கிவிடுவது பழகிய ரிசப்ஷன்காரர் செய்வது.

பில் குறைந்தால் குறைந்த தொகைக்கு முடியுங்கள். ரொக்கமாகக் கட்டிவிட்டால் முன் அனுமதியை ரத்து செய்து, ரத்துச் சீட்டை அவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய பணம் பிடியிலேயே கிடக்கும், போன் உங்களுக்கு வரும். முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆயுள் என்பது கார்டுக்கும் தொழிலுக்கும் மாறும். உங்கள் வங்கி ஒப்பந்தத்தில் இருக்கும் நாள் கணக்கைக் கேட்டு மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள். கல்யாண மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்னால் பதிவு செய்பவரிடம் முன் அனுமதி எடுப்பதில் அர்த்தமே இல்லை. அட்வான்ஸை நேரடி விற்பனையாகப் போட்டு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே அச்சிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

போனில் வரும் ஆர்டர்

சுங்குடிச் சேலைக்கோ பித்தளை விளக்குக்கோ வெளிநாட்டில் இருந்து போனில் ஆர்டர் வரும். "கார்டு நம்பர் சொல்றேன், போட்டுக்கோங்க" என்பார்கள். இந்தியக் கார்டுகளுக்கு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுக் கார்டு அது இல்லாமலேயே போய்விடக்கூடும். அனுமதி எண்ணும் வரும். ஆனால் கார்டைச் சொன்னவர் கார்டுக்குச் சொந்தக்காரர் என்று அந்த எண் சொல்லாது. சொந்தக்காரர் 120 நாளுக்குள் மோசடிப் புகார் கொடுக்கலாம். பேமென்ட் லிங்க் அனுப்புங்கள், சரிபார்ப்போடு முடியட்டும். கார்டு எண்ணை நோட்டில் எழுதவோ வாட்ஸ்அப்பில் வாங்கவோ கூடாது. 2022 அக்டோபர் முதல் வியாபாரிகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

ஆன்லைன் கடை நடத்துபவர்கள், இணையத்தில் கார்டு பணத்தை வாங்கித் தரும் ‘கேட்வே’யில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அனுமதி வாங்கியதும் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பா, நீங்கள் ‘கேப்சர்’ அழுத்த வேண்டிய அமைப்பா? இரண்டாவது என்றால், சேலையை முடிச்சுக் கட்டிச் சாயம் போட்டு அனுப்பப் பதினைந்து நாள் ஆகும் ஆர்டரில் அனுமதி அதற்குள் செத்திருக்கும். செய்துகொடுக்கும் பொருளுக்குத் தானாக எடுக்கும் அமைப்பே சரி. எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்பதை மட்டும் ஆர்டர் பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள்.

சீட்டைப் பத்திரப்படுத்துவது

ஸ்வைப் மெஷின் சீட்டு வெப்பத்தில் கறுக்கும் தாள். மேல்மாடி தகரக் கொட்டகையில் பெட்டி போட்டு வைத்தால் ஒரு சித்திரை மாதம் போதும், வெறும் தாள்தான் மிஞ்சும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்தாலும் எழுத்து போய்விடும். தினமும் இரவு வியாபாரி நகல்களைத் தேதி வாரியாக ஒரு காகித உறையில் போட்டு, போனில் ஒரு படம் எடுத்து மாதம் வாரியாகக் கணினியில் சேமியுங்கள். சீட்டில் கார்டின் கடைசி நான்கு எண்தான் இருக்கும், அதனால் சீட்டைப் படமெடுப்பதில் குற்றம் இல்லை. கார்டைப் படமெடுக்கக் கூடாது.

எத்தனை நாள் வைப்பது? அனுமதி தகராறை எழுப்ப விசாவில் 75 நாள், மாஸ்டர்கார்டில் 90 நாள். மற்ற சில தகராறுகள் விற்பனை நடந்து 540 நாள் வரை வரக்கூடும். 18 மாதம் வைத்தால் எல்லாவற்றுக்கும் போதும்.

நோட்டீஸ் வந்த பிறகு

மின்னஞ்சலிலோ வங்கியின் வியாபாரி ஆப்பிலோ வரும். கடை தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை என்பதால் தோற்கிற வழக்குகள் ஏராளம். பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி நோட்டீஸில் இருக்கும், சில நாள்தான் தருவார்கள். அந்தத் தேதி தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தோல்விதான்.

முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள்: பதறிப் போய் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பாதீர்கள். நோட்டீஸ் வரும்போதே பணம் அவர் பக்கம் போயிருக்கும், அல்லது உங்கள் வரவில் பிடித்து வைத்திருப்பார்கள். இப்போது நீங்களும் கொடுத்தால் இரட்டை நஷ்டம். ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டே உங்கள் பதில். அதனால்தான் கார்டில் வாங்கியதைக் கார்டிலேயே திருப்ப வேண்டும். அன்றைக்கே, பேட்ச் மூடும் முன் என்றால் ‘வாய்டு’, அதற்குப் பிறகு என்றால் ‘ரீஃபண்ட்’. ரொக்கமாகத் திருப்பினால் வங்கிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

அடுத்து சீட்டைத் தேடுங்கள். நோட்டீஸில் ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க எண் இருக்கும், ஒவ்வொரு விற்பனையையும் தேடிப் பிடிக்க உதவும் எண் அது. பெரும்பாலான மெஷின்களில் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்று இலக்கம் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. 5291 என்று தொடங்கினால் 2025-இன் 291-ஆவது நாள், அதாவது அக்டோபர் 18. அந்த நாள் உறையைத் திறந்தால் போதும். கூடவே மெஷின் கொடுத்த வங்கியிடம் அந்த ஆர்.ஆர்.என்னுக்கான அனுமதிப் பதிவைக் கேளுங்கள்: நேரம், தொகை, பதில் எண், அனுமதி எண். சீட்டை விட இதற்கு எடை அதிகம்.

இப்போது நேர்மையாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதே கார்டுக்கு, அதே தொகைக்கு, ஆயுளுக்குள் பதில் எண் 00-த்தோடு அனுமதி இருக்கிறதா? இருந்தால் பதில் நான்கு வரியில் முடியும். எடுத்துக்காட்டாக (எம்.ஐ.டி. என்பது கடையின் அடையாள எண்):

‘எம்.ஐ.டி., டி.ஐ.டி. எண்கள் மேலே உள்ளன. அக்டோபர் 18 மாலை 6.42-க்குக் கார்டு சிப்பும் பின்னும் கொண்டு 23,650 ரூபாய்க்கு விற்பனை நடந்தது. அனுமதி எண் 482913, பதில் எண் 00. அன்று இரவு பேட்ச் 214-இல் அதே தொகைக்கு செட்டில்மென்ட் ஆனது. சீட்டு, பேட்ச் அறிக்கை, அனுமதிப் பதிவு மூன்றும் இணைப்பில். சார்ஜ்பேக்கை ரத்து செய்ய வேண்டுகிறோம்.’

இதற்கு மேல் எழுதினால் படிப்பவர் தேடுவது கிடைக்காது. கூரியர் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கடைப் புகைப்படம் எதையும் சேர்க்காதீர்கள். கோட்டை விடக்கூடாத வேறு மூன்று இடங்கள்: இரண்டு அனுமதிகள் சேர்ந்து மொத்தத் தொகையாக இருந்தால் இரண்டின் எண்ணையும் கொடுங்கள், சார்ஜ்பேக் நாள் வரம்பைத் தாண்டி வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், செட்டில்மென்ட் தாமதம் வங்கியின் கணினிக் கோளாறால் என்றால் அன்றைக்கே நீங்கள் கொடுத்த புகார் எண்ணை இணையுங்கள். வங்கியே பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

அனுமதி இல்லை என்றால், அல்லது தொகை கூடுதலாகப் போயிருந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள். கூடுதல் தொகைக்கு மட்டும்தான் அனுமதி இல்லை என்றால், அந்த அளவுக்கு மட்டும் சார்ஜ்பேக் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மற்றபடி மேல் கட்டம் வரை இழுத்துப் போனால் அங்கே கட்டும் கட்டணம் ஒரு ஜவுளி பில்லை விழுங்கிவிடும்.

வழக்கு தோற்றது என்பதால் வாடிக்கையாளரின் கடன் தீர்ந்துவிடவில்லை. பொருள் அவரிடம்தான் இருக்கிறது. போன் நம்பர் பில்லில் இருந்தால் கூப்பிடுங்கள். திருட்டுப் பட்டம் கட்டும் தொனி வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்காது. "அக்கா, போன மாசம் எடுத்த பட்டுச் சேலைக்கு உங்க பேங்க் பணத்தைத் திருப்பி உங்க கணக்குலயே போட்டுருச்சு. ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க, வந்திருக்கும். எப்ப வசதியோ அப்ப யூ.பி.ஐ.ல போட்டு விடுங்க, இல்லைன்னா இந்தப் பக்கம் வரும்போது குடுங்க." முந்தின பில்லின் நகலையும் வரவு திரும்பியதற்கான நோட்டீஸையும் அனுப்பி வையுங்கள். பணம் வந்ததும் அதே பில் எண்ணில் வரவு வைத்து ரசீது கொடுங்கள். அவர் கார்டிலேயே கட்டுவதாக இருந்தால், பழைய விற்பனையை மறுபடி அனுப்பாமல், அவர் நேரில் வந்து பின் போட, புது அனுமதி எண்ணோடு புது விற்பனையாகவே போடுங்கள்.